அலுமினியம் ஏன் டூலில் ஒட்டுகிறது?

திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ ஒரு லேத் பட்டறையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். எஃகுத் தண்டைக் கடையும்போது டர்னர் வெள்ளை வெளேரென்ற சோப்பு ஆயில் தண்ணீரைத் திறந்துவிடுகிறார். வார்ப்பிரும்பு வந்தால் குழாயை மூடிவிடுகிறார்; கறுப்புத் தூள் கொட்டக் கொட்ட, வேலை உலர்வாகவே நடக்கிறது. பித்தளைக்கும் பெரும்பாலும் எதுவும் தேவைப்படுவதில்லை. அலுமினியத்தைப் பிடித்ததும்தான் அலமாரியிலிருந்து மண்ணெண்ணெய் டப்பாவும் பிரஷ்ஷும் இறங்குகின்றன.

இந்த உலோகங்களில் மெத்தென்றது அலுமினியம். அதிலும் சுத்த அலுமினியம் மிகவும் மென்மையானது. கடினமான வார்ப்பிரும்பை ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் வெட்ட முடிகிறபோது, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு உபசாரம்?

வடசென்னையில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இல் தொடங்கியது. பின்னாளில் அதுதான் அசோக் லேலண்ட். 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாராகத் தொடங்கியது. பழைய புல்லட்டின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதன் மேல் உட்காரும் ஹெட் அலுமினியக் கலவை, கீழே கிராங்க்கேஸும் அலுமினியக் கலவை. ஒரே வண்டியின் பாகங்கள், ஒரே கூரையின் கீழ், ஒன்று உலர்வாகவும் மற்றொன்று நனைந்தும் வெட்டப்பட்டன.

வார்ப்பிரும்பின் கதை சுலபம். அதனுள் கிராஃபைட் இதழ்கள் விரவிக் கிடக்கின்றன. கிராஃபைட் வழுக்கும் பொருள். வெட்டும் இடத்திலேயே மசகும் கிடைத்துவிடுகிறது. இதழ்கள் இருக்கும் இடமெல்லாம் உலோகம் சுலபமாக உடைவதால் நீளச் சுருளுக்குப் பதில் தூளாகக் கொட்டுகிறது. அலுமினியத்துக்குள் அப்படி ஒரு கொடை இல்லை.

“சூடு தணிக்கத்தான் சார்” என்பதுதான் பட்டறையில் முதலில் கிடைக்கும் பதில். எஃகைப் பொறுத்தவரை அது சரி. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர், 1880களில் பிலடெல்ஃபியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் செய்த சோதனைகளில், வெட்டும் இடத்தில் தண்ணீரைக் கனமாகக் கொட்டினால் வெட்டு வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்டலாம் என்று கண்டார். தண்ணீரில் சோடா உப்பைக் கரைத்துக்கொண்டார், இயந்திரம் துருப்பிடிக்காமலிருக்க. அன்றைய டூல்கள் கார்பன் எஃகில் செய்தவை. இருநூறு, இருநூற்றைம்பது டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தளர்ந்துவிடும். எனவே டூலைக் குளிரவைப்பதே வேகத்தைக் கூட்டும் வழியாக இருந்தது.

அலுமினியத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது 660 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம், ஆகவே வெட்டும் இடத்தின் சூடு அந்த வரம்பைத் தாண்டிப் போக வழியில்லை. இன்றைய கார்பைடு டிப் அதற்கு மேலும் பல நூறு டிகிரி தாங்கும். தவிர, அதே அளவு உலோகத்தைச் சீவ எஃகுக்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அலுமினியத்துக்குப் போதும். பிறக்கும் சூட்டையும் அது எஃகைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகக் கடத்திவிடும். டூலின் உயிருக்குச் சூட்டால் ஆபத்து என்றால், அது அலுமினியத்தில் மிகக் குறைவு.

இதை யூகமாகச் சொல்லவில்லை. இரு வேறு உலோகங்களைத் தொடவைத்து அந்தச் சந்திப்பைச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். டூல் ஒரு பொருள், வெட்டப்படுவது வேறொரு பொருள். ஆகவே வெட்டும் முனையே ஒரு வெப்பமானி. 1920களில் பொறியாளர்கள் சிலர் இதைக் கவனித்து, டூலுக்கும் வேலைத்துண்டுக்கும் கம்பி இழுத்து, வெட்டிக்கொண்டிருக்கும்போதே சூட்டை அளந்தார்கள். எந்தக் கருவியும் நுழைய முடியாத இடத்தில் டூலையே கருவியாக்கிய யோசனை அது.

அப்படியானால் மண்ணெண்ணெய் எதற்கு? பலாப்பழம் அறுக்கிறவர்களைக் கேட்டால் பாதி விடை கிடைக்கும். கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவாமல் யாரும் பலாவில் கை வைப்பதில்லை. பழம் கடினமானது என்பதற்காக அந்த எண்ணெய் தடவப்படுவதில்லை, கத்தி சூடாகும் என்பதற்காகவும் இல்லை, பால் ஒட்டும். ஒட்டிய பால்மேல் இன்னும் பால் ஒட்டும், கொஞ்ச நேரத்தில் கத்தியின் கூரே மறைந்துவிடும். அலுமினியத்திலும் சிக்கல் ஒட்டுவதுதான். ஆனால் அதனிடம் பால் ஏதுமில்லை. உலோகமே நேரடியாக ஒட்டுகிறது.

நாம் கண்ணால் பார்ப்பதும் கையால் தொடுவதும் உண்மையில் அலுமினியம் இல்லை. அதன்மேல் படர்ந்திருக்கும் ஆக்சைடு தோல். சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் மகா உறுதியானது. சாணைக்கல் செய்யும் அலுமினா இதே சேர்மம். எங்கே கீறினாலும் காற்று பட்ட மாத்திரத்தில் மறுபடி மூடிவிடும். அந்தத் தோல்தான் அலுமினியத்தை உலகத்தோடு ஒட்டாமல் வைத்திருக்கிறது.

டூல் உள்ளே இறங்கும்போது என்ன நடக்கிறது? உலோகம் வாழைப்பட்டையைப் போல் உரிவதில்லை. டூலின் முன்னால் அது அடுக்கடுக்காக நழுவி, தடித்து, சீவலாகி டூலின் முகத்தின்மேல் ஏறி ஓடுகிறது. அந்தச் சீவலின் அடிப்பக்கம் அந்தக் கணத்தில் பிறந்த பரப்பு. தோல் போர்த்திக்கொள்ள அதற்குக் காற்று கிடைக்கவில்லை, நேரமும் இல்லை. பல ஆயிரம் வளிமண்டல அழுத்தத்தோடும் சில நூறு டிகிரி சூட்டோடும் அது டூலின் முகத்தில் அழுந்துகிறது. தோல் இல்லாத உலோகத்தை இப்படி அழுத்தினால் அதற்குப் பெயர் பற்றவைப்பு. வெல்டிங் மெஷின் இல்லாமலே வெல்டிங் நடந்துவிடுகிறது.

முதலில் முனையில் ஒரு வெள்ளிப் பொட்டு தெரியும். அதன்மேல் இன்னொரு படலம், அதன்மேல் இன்னொன்று. சீக்கிரமே டூலின் கூருக்கு முன்னால் அலுமினியத்தாலான ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இதை ‘ஒட்டு விளிம்பு’ என்று சொல்லலாம். இப்போது வெட்டுவது டூலின் கூர்முனை இல்லை, ஒழுங்கற்ற அந்த மூக்குதான். அது வளர்ந்து, தாங்காமல் உடையும். உடைந்ததில் பாதி சீவலோடு போகும், மீதி வேலைத்துண்டின் பரப்பில் அப்பிக்கொள்ளும். உடைகிற வேகத்தில் கார்பைடையும் சிறு சில்லுகளாகப் பெயர்த்துக்கொண்டு போவதுண்டு. கடைந்த பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிபோல் மின்ன வேண்டிய இடத்தில் சொரசொரப்பான மங்கல் பட்டைகள் தெரியும். அவை அந்த மூக்கின் சிதறல்கள். அளவும் கெடும், ஏனென்றால் டூல் நாம் வைத்த இடத்தைவிடச் சற்று முன்னால் வந்து வெட்டியிருக்கிறது.

மிகவும் மென்மையான, சுத்தத்துக்கு நெருங்கிய அலுமினியத்தில்தான் இந்தத் தொல்லை உச்சம். சிலிக்கான் கலந்த வார்ப்புக் கலவைகளில் ஒட்டல் குறைவு, சீவலும் சிறுசாக முறியும். ஆனால் 7 முதல் 12 சதவீதம் வரை கலக்கும் சிலிக்கான், கண்ணாடித் தூள்போல் கடினமான துகள்களாக உள்ளே நிற்கும். டூலின் கூரை அரைத்துத் தள்ளும். அதனால்தான் பெரிய ஆலைகள் இதற்கு வைர டூல்களுக்குப் போய்விட்டன. சிறு பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எஃகுக்கு வாங்கிய பூச்சுப் போட்ட டிப்பை அலுமினியத்தில் மாட்டாதீர்கள். பூச்சில்லாத, கண்ணாடிபோல் மெருகேற்றிய, கூரான டிப்பில் ஒட்டல் குறைவு.

டூலுக்கும் சீவலுக்கும் இடையே இவ்வளவு அழுத்தத்தில் நடப்பதை யார் பார்த்தது? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு டிரென்ட் ஒரு விநோத ஏற்பாடு செய்தார். கசாப்புக் கூடங்களில் மாட்டை ஒரே அடியில் வீழ்த்தப் பயன்படும் துப்பாக்கியை லேத்தில் பொருத்தினார். வெட்டு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது துப்பாக்கி வெடித்து டூலைக் கீழே அடித்துத் தள்ளும். டூல் விலகும் வேகம் வெட்டும் வேகத்தைவிட அதிகம் என்பதால், பாதி உரிந்த சீவல் அப்படியே வேலைத்துண்டில் உறைந்து நிற்கும். அதை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் வைத்தால் வெட்டின் ஒரு கணம் கண் முன்னால் கிடக்கும். டிரென்ட் கண்டது: பல சமயம் சீவலின் அடிப்பக்கம் டூலின் மேல் வழுக்குவதே இல்லை, முழுக்கப் பற்றிக்கொண்டிருக்கிறது. நழுவல் அதற்குச் சற்று மேலே, உலோகத்துக்குள்ளேயே நடக்கிறது.

அதே காலகட்டத்தில் கேம்பிரிட்ஜில் டேவிட் டேபரும் அவருடைய துணைவர்களும் வேறு வழியில் போனார்கள். நீலக்கல் வகையைச் சேர்ந்த நிறமற்ற ஒளிபுகும் படிகத்தில் டூல் செய்து, மென்மையான உலோகங்களை மெதுவாக வெட்டி, டூலின் வழியாகவே சீவலின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த காட்சி வேறு. கூரை ஒட்டிய இடத்தில் உலோகம் வழுக்குகிறது, சற்றுப் பின்னால்தான் ஒட்டுகிறது. இரு தரப்பும் வெட்டிய வேகமும் உலோகமும் வேறு வேறு. அந்த விவாதம் லேசில் தீரவில்லை. திரவத்தைப் பொறுத்தவரை நமக்கு வேண்டியது ஒன்றுதான். கூரின் நுனிக்கே எண்ணெய் போய்ச் சேர்வது கடினம். அதன் களம், சீவல் டூலை விட்டுப் பிரியும் ஓரமும் பக்கங்களும். அங்கே மிக நுண்ணிய இடுக்குகள் வழியே உள்ளே கசிந்து, பற்றிக்கொள்ளும் பரப்பைச் சுருக்குகிறது.

கசிய நேரம் வேண்டும். இதைக் காட்டிக்கொடுத்தது கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவம். மெதுவாக வெட்டும்போது அதை ஒரு சொட்டு விட்டால் வெட்டு விசை வியக்கும்படி குறைகிறது. வேகத்தைக் கூட்டினால் அந்தப் பலன் கரைந்து போகிறது. (ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது, பட்டறைக்கு ஆகாது.) மரையிடுதல், ரீமர் ஓட்டுதல் போன்ற மந்தமான வேலைகளில் எண்ணெயின் வழவழப்பு ஏன் எல்லாமாக இருக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அலுமினியத்தில் மரையிடும் டேப்பைக் காய்ந்தபடியே இறக்கினால் மரையின் முகடுகள் கிழிந்து வரும்; இன்னும் இரண்டு சுற்று முறுக்கினால் டேப் உள்ளேயே முறிந்து மாட்டிக்கொள்ளும். பட்டறைக்காரரின் மண்ணெண்ணெய்க்கும் இதுவே விளக்கம். தண்ணீரைப்போல் நீர்த்தது, ஆனால் எண்ணெய். நுண்ணிய இடுக்கிலும் ஓடும். தீப்பற்றும், தோலைக் காயவைக்கும் என்ற இரண்டும் இல்லையென்றால் குறை சொல்ல இடமிருந்திருக்காது.

அதைவிட நன்றாக வேலை செய்வது கொழுப்பெண்ணெய்களின் மூலக்கூறு. அதற்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை அலுமினியத்தின் மேல் பற்றிக்கொள்ள, வால்கள் வெளிப்பக்கம் நெருக்கமாக நின்று உலோகத்தை உலோகம் தொடவிடாமல் தடுக்கும். எஃகுக்கான எண்ணெய்களில் சேர்க்கும் கந்தகமும் குளோரினும் இங்கே அவ்வளவாகப் பயன்படுவதில்லை. அலுமினியத்துக்கென்று விற்கும் திரவங்களில் கொழுப்பு வழி எஸ்டர்கள் தூக்கலாக இருப்பது இதனால்தான்.

வேகமாக ஓடும் சி.என்.சி. இயந்திரத்தில் கதை மாறுகிறது. நிமிடத்துக்குப் பல லிட்டர் பாயும் திரவத்தின் முதல் வேலை அங்கே குப்பை அள்ளுவது. ஆழமான துளைக்குள் சீவல் தங்கினால் டிரில் அதையே மறுபடி வெட்டும், அழுத்தும், கடைசியில் அதோடு ஒட்டிக்கொள்ளும். சூடு தணிப்பதும் வேண்டும், டூலுக்காக இல்லை, அளவுக்காக. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 62 மி.மீ. பேரிங் இருக்கை ஒன்று 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.03 மி.மீ. பெருக்கும், அந்த இருக்கைக்கு வழக்கமாக அனுமதிக்கும் மொத்த விலகலே அவ்வளவுதான். உலகம் முழுக்க அளவெடுப்பதற்கான ஆதார வெப்பநிலை 20 டிகிரி. எண்ணூர்க்காரர்கள் அதை மார்கழி விடியலில் எட்டத்தில் பார்த்தால் உண்டு.

இப்போது அந்த வெள்ளைத் தண்ணீருக்கு வருவோம். மணலியில் 1969இல் ஓடத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்றைய சி.பி.சி.எல்., மசகெண்ணெய்களுக்கு வேண்டிய அடிப்படை எண்ணெயையும் எடுக்கும் ஆலை. அத்தகைய எண்ணெயோடு சோப்பு வகைச் சேர்மங்களைக் கூட்டினால் தண்ணீரில் கலக்கும் எண்ணெய் கிடைக்கும். கலந்த பிறகு அது ‘பால்மம்’: மைக்ரான் அளவுத் துளிகளாக எண்ணெய் மிதக்க, ஒவ்வொரு துளியின் மேலும் சோப்பு மூலக்கூறுகள் வேலி கட்டி நிற்கும். துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளை. பழைய கைகள் சொல்லும் விதி ஒன்று உண்டு: “தண்ணியில எண்ணெய ஊத்து, எண்ணெயில தண்ணிய ஊத்தாத.” முறை மாறினால் எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள் சிக்கி, பிசின்போல் கட்டியாகி, எவ்வளவு கலக்கினாலும் கரையாது.

நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு எண்ணெய், மீதி தண்ணீர். அந்த மீதிதான் வடசென்னையில் வில்லங்கம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறுவது 1960களின் பிற்பகுதியிலிருந்தே பதிவாகிவரும் செய்தி. அந்த உவர்நீரின் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிடும். குளிக்கும்போது நுரை வராததற்கும் அதே காரணம். வேலி போனால் துளிகள் சேர்ந்து எண்ணெய் மேலே மிதக்கும். குளோரைடோ நேராக உலோகத்தைத் தின்னும். முதல் நாள் நன்றாக இருந்த கூலன்ட், அதாவது இந்தப் பால்மம், ஒரு மாதத்தில் ஏன் கெடுகிறது என்பதற்கும் இதில் கணக்கு இருக்கிறது. 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 10 லிட்டர் ஆவியானால், 20 வேலை நாளில் ஒரு தொட்டித் தண்ணீர் புதிதாக ஊற்றியிருப்போம். போனது தண்ணீர் மட்டும். உப்பு இரட்டிப்பாகி உள்ளேயே நிற்கிறது.

காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளுக்கு 10 கோடி லிட்டர் வரை தருவதற்காகக் கட்டப்பட்டது. அப்படிப்பட்ட மென்னீர் கூலன்ட்டுக்கு நல்லது, ஆனால் பம்பின் வேகத்தில் நுரை பொங்கும். கடின நீரில் கசடு, மென்னீரில் நுரை. நடுவில் ஒரு கடினத்தன்மையைப் பிடித்து வைப்பதுதான் பராமரிப்பவரின் சாமர்த்தியம்.

காரத்தன்மையிலும் இதே கயிற்று நடை. இரும்பு துருப்பிடிக்காமலிருக்க பி.எச். 9க்கு மேல் இருந்தால் நல்லது. அலுமினியமோ காரத்தில் கரையும். 9ஐத் தாண்டினால் பளபளப்பு போய் சாம்பல் கறை படியும். புல்லட் மாதிரி இரண்டும் ஓடும் கூடத்தில் 8.5க்கும் 9க்கும் நடுவில், கறை தடுக்கும் சிலிக்கேட், பாஸ்பேட் வகைச் சேர்மங்களின் தயவில்தான் காலம் தள்ள வேண்டும்.

திங்கட்கிழமை காலை அழுகிய முட்டை வாடை இந்தத் தொழிலில் உலகப் பிரசித்தம். இயந்திரத்தின் தடங்களுக்குப் போடும் எண்ணெய் வழிந்து கூலன்ட்மேல் படலமாகப் படியும். ஞாயிறு முழுக்க பம்பு ஓடாததால் படலம் மூடியபடி நிற்க, அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே தண்ணீரின் சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு விடும். சென்னை வெயில் அவற்றுக்கு நல்ல வசதி. கிருமிக்கொல்லி மருந்தை ஊற்றுவதற்கு முன், மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, விடுமுறையிலும் தொட்டியில் கொஞ்சம் காற்று குமிழியிட விட்டாலே பாதி வாடை போய்விடும். கெட்ட கூலன்ட் கையில் சொறியையும், மூடுபனிபோல் சுவாசித்தால் நுரையீரலில் கோளாறையும் கொண்டுவரும் என்பதால் இது மூக்கைச் சுளிப்பதோடு முடிகிற விஷயமில்லை.

பயன்படுத்தியதை எங்கே கொட்டுவது? 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்கள் படகில் நின்று வாளியிலும் மக்கிலும் அள்ளினார்கள். அள்ள முடிந்தது, எண்ணெய் மிதந்ததால். பால்மம் மிதக்காது. சாக்கடையில் விட்டால் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து போகும், எந்த வாளிக்கும் அகப்படாது. முறைப்படி அதை முதலில் ‘உடைக்க’ வேண்டும். எண்ணெய்த் துளிகளின் மேல் எதிர் மின்னேற்றம் இருப்பதால்தான் அவை ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. மூன்று நேர் மின்னேற்றம் தாங்கிய அயனியைச் சேர்த்தால் விலக்கம் அற்றுத் துளிகள் கூடிவிடும். அதற்கு மலிவாகக் கிடைப்பது அலுமினியத்தின் உப்பு. கலங்கிய கிணற்றுத் தண்ணீரைத் தெளியவைக்கும் படிகாரத்தில் வேலை செய்வதும் அதே அயனிதான். மேலே வரும் எண்ணெயைப் பிரித்த பிறகும், மீதித் தண்ணீரில் கரைந்தே இருக்கும் கிருமிக்கொல்லிகளுக்குத் தனிச் சுத்திகரிப்பு வேண்டும்.

இந்தச் செலவைப் பார்த்துத்தான் வாகனத் தொழிற்சாலைகள் பல, மணிக்குச் சில பத்து மில்லிலிட்டர் எண்ணெயை மட்டும் அழுத்தக் காற்றோடு முனையில் தெளிக்கும் முறைக்கு மாறிவருகின்றன. அலுமினியத்துக்கு இது தத்துவப்படி பொருந்தும். அதற்கு முக்கியமாக வேண்டியது குளிர்ச்சியைவிட வழவழப்பு. இன்னொரு லாபமும் உண்டு. ஈரச் சீவலை உருக்கும் உலையில் போட்டால் தண்ணீர் உருகிய அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் விடும், சில சமயம் வெடிக்கும். ஆகவே ஈரச் சீவலுக்குப் பழைய இரும்புக் கடையில் விலை குறைவு, காய்ந்த சீவலுக்கு அதிகம். ஆழத் துளையில் மட்டும் இந்த முறை திணறும். சீவலை வெளியே தள்ள அங்கே தெளிப்பின் காற்று போதாது, டிரிலின் நடு வழியாகவே எண்ணெய்த் தெளிப்பை அனுப்பும் விலை உயர்ந்த இயந்திரம் வேண்டும். அது கட்டுப்படியாகாத பட்டறைகளில் இன்னும் சில காலம் பிரஷ்ஷும் டப்பாவும்தான்.